வீடு ஒப்படைப்பில் தாமதம்: வாங்கியவருக்குச் சட்டம் அளிக்கும் தீர்வுகள்

புதுதில்லி: கட்டுமான நிலையில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குவோர், விற்பனை ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தேதியை நம்பியே வங்கிக் கடன் பெறுகின்றனர். அந்தத் தேதி தவறினால், குடியிருக்கும் வீட்டின் வாடகையையும் கைக்கு வராத வீட்டின் கடன் தவணையையும் சேர்த்துச் செலுத்த வேண்டிய நிலை ஏற்படுகிறது. இந்த ஒப்பந்த மீறலுக்குச் சட்டம் இரண்டு தீர்வுகளை வழங்குகிறது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. கட்டுமான நிறுவனத்துக்கு இல்லை.

பணமா, வீடா?

ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016-இன் 18-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத் தேதிக்குள் வீடு ஒப்படைக்கப்படாவிட்டால் வாங்கியவர் திட்டத்திலிருந்து விலகலாம். அவர் கோரியதும், செலுத்திய தொகையை வட்டியுடனும் உரிய இழப்பீட்டுடனும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். வீடே வேண்டும் என்று காத்திருப்பவருக்கு, ஒப்படைக்கும் நாள் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி வழங்க வேண்டும். வட்டி விகிதத்தை அந்தந்த மாநில அரசின் விதிகள் நிர்ணயிக்கின்றன.

பணத்தைத் திரும்பப் பெறும் இந்த உரிமை நிபந்தனையற்றது என உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. எதிர்பாராத நிகழ்வுகளையோ நீதிமன்றத் தடை உத்தரவுகளையோ காரணம் காட்டி நிறுவனம் இதை மறுக்க முடியாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள்

வாங்கியவர் தவணை தவறினால் 18 சதவீத வட்டி. நிறுவனம் தாமதித்தால் 9 சதவீத வட்டி. குருகிராம் குடியிருப்புத் திட்டம் ஒன்றின் ஒப்பந்தத்தில் இருந்த இத்தகைய நிபந்தனைகளை நியாயமற்ற வணிக நடைமுறை என 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அச்சிட்ட படிவத்தில் கையெழுத்திடுவதைத் தவிர வேறு வழியில்லாத நிலையில் ஏற்கப்பட்ட நிபந்தனைகள் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்றும் தெரிவித்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரு தரப்புக்கும் ஒரே வட்டி விகிதமே பொருந்தும்.

சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் என ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட தொகையே இழப்பீட்டின் உச்சவரம்பு ஆகிவிடாது என்று பெங்களூரு திட்டம் தொடர்பான வழக்கில் 2020 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வீட்டைப் பெற்றுக்கொண்டு பத்திரப் பதிவு செய்தாலும் தாமதத்துக்கான இழப்பீடு கோரும் உரிமை போய்விடாது என்றும் அதில் தெளிவுபடுத்தப்பட்டது.

எங்கு முறையிடுவது?

ரெரா எனப்படும் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் அளிக்கலாம். பணத்தைத் திரும்பப் பெறுதல், வட்டி ஆகியவற்றை ஆணையமும், இழப்பீட்டுத் தொகையைத் தீர்ப்பு அலுவலரும் முடிவு செய்கின்றனர். நிறுவனம் தொகையைச் செலுத்தத் தவறினால், அது நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கப்படும். நிறுவனம் மேல்முறையீடு செய்ய விரும்பினால், வாங்கியவருக்குத் தர வேண்டிய முழுத் தொகையையும் முதலில் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை எனில் மாவட்ட ஆணையம், 2 கோடி ரூபாய் வரை எனில் மாநில ஆணையம், அதற்கு மேல் எனில் தேசிய ஆணையம் விசாரிக்கும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிப்பது பொது விதி. ரெரா சட்டம் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடுவதில்லை என 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எனினும், ஒரே தீர்வை இரு இடங்களிலும் ஒரே நேரத்தில் கோர முடியாது.

கவனிக்க வேண்டியவை

காலம் கடத்துவது தெரிவு உரிமையைக் குறைக்கக்கூடும். நுகர்வோர் ஆணைய வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில், குடியேற்றச் சான்றிதழ் பெறப்பட்டு ஒப்படைப்புக்குத் தயாரான வீடுகளை, தாமதத்துக்கான இழப்பீட்டுடன் ஏற்குமாறு வாங்கியவர்களுக்கு 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சான்றிதழ் இல்லாத வீடுகளை வாங்கியவர்களுக்கே பணத்தைத் திருப்பித் தர ஆணையிட்டது.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளானால், அதற்கு எதிரான பிற வழக்குகள் நிறுத்தி வைக்கப்படும். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வீடு வாங்கியவர்களும் நிதிக் கடன் வழங்கியோராகக் கருதப்படுவதால், தீர்வு நிபுணரிடம் உரிய காலத்துக்குள் கோரிக்கை மனு அளிப்பது அவசியம்.

விலகுவதா, காத்திருப்பதா என்ற முடிவை நிறுவனத்துக்கு எழுத்து வடிவில் தெரிவித்து, அதன் நகலையும் ஒப்பந்தம், கட்டண ரசீதுகள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றையும் பாதுகாத்து வைப்பது நல்லது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் வீட்டின் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் பெறுவதற்குச் சட்டம் தடை விதித்துள்ளது. ஒப்படைக்கும் தேதி குறிப்பிடப்பட்ட, பதிவு செய்யப்பட்ட அந்த ஒப்பந்தமே பிற்காலத்தில் வாங்கியவரின் முதன்மையான ஆதாரமாக அமையும்.