வீட்டிலேயே சுருள் முடி: மூன்று வழிகளும் அவற்றின் கதையும்

திருமணம், தீபாவளி, பட்டமளிப்பு விழா என்று ஏதாவது ஒரு நாள் நெருங்கினால், பல வீடுகளில் கண்ணாடி முன் ஒரு கேள்வி எழும். முடியைச் சுருட்டிக்கொண்டால் என்ன? சலூனுக்குப் போனால் செலவு அதிகம். வீட்டிலேயே செய்வதென்றால் எந்த முறை நல்லது? இரவில் ரோலர் சுற்றிக்கொண்டு படுப்பதா, மின்சார இடுக்கியால் சுருட்டுவதா, கடையில் விற்கும் பெர்ம் மருந்தை வாங்கிப் பூசுவதா?

இந்த மூன்று முறைகளும் மூன்று வெவ்வேறு காலங்களில் பிறந்தவை. ஒவ்வொன்றும் எப்படி வந்தது, அதற்காக யார் தலை வெந்தது என்ற கதை தெரிந்தால், தேர்வு செய்வது சுலபமாகிவிடும்.

ஈரமும் பொறுமையும்

சுருள் முடி மீது ஆசை நேற்று வந்ததல்ல. பெண்களின் கூந்தலைத் தமிழில் 'ஐம்பால்' என்று அழைப்பதுண்டு. முடி, கொண்டை, குழல், பனிச்சை, சுருள் என்று ஐந்து விதமாக முடிக்கப்படுவதால் அந்தப் பெயர். ஐந்தில் ஒன்று சுருள் என்பதைக் கவனிக்க வேண்டும். எகிப்திலும் இதே ஆசைதான். அங்குள்ள பழங்கால உடல்களின் தலைமுடியை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிலர் கொழுப்புப் பொருளைப் பூசித் தங்கள் சுருள்களைக் கலையாமல் வைத்திருந்தனர் என்று கண்டறிந்தது.

ஐரோப்பாவில் பெண்கள் ஈர முடியைத் துணிக் கீற்றுகளில் சுற்றி முடிச்சுப் போட்டு, அப்படியே தூங்கி, காலையில் அவிழ்ப்பார்கள். செலவே இல்லாத முறை இது. இன்றைய ரோலரும் அதன் வாரிசுதான்.

இது எப்படி வேலை செய்கிறது? முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஒரு வகை ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அது விட்டுவிடும்; காய்ந்ததும் முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். முடிக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் மீண்டும் ஈரம் பட்டால் சுருள் கலைந்துவிடும்.

இரும்பும் நெருப்பும்

ஓர் இரவு காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வந்தது சூடான இரும்பு. அமெரிக்காவில் 1866-இல் முடி சுருட்டும் இரும்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் ஹைரம் மாக்சிம். பின்னாளில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரும் இவரேதான்!

பாரிஸில் மார்செல் கிராத்தோ என்ற சிகை அலங்காரக் கலைஞர் 1872 வாக்கில், சூடான இடுக்கியைப் பிடிக்கும் விதத்தை மாற்றி, இயற்கையான அலை போன்ற மடிப்புகளை உருவாக்கினார். 'மார்செல் அலை' பல பத்தாண்டுகள் உலகை ஆண்டது. அந்தக் காலத்து இடுக்கியில் வெப்பத்தை அளக்க எந்த வசதியும் இல்லை. நெருப்பில் காய்ச்சி, முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தை அதில் பிடித்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பானால் சூடு அதிகம் என்று அர்த்தம். அந்தச் சோதனையை மறந்தவர்களின் முடிதான் கருகியது.

1960களில் டென்மார்க்கிலிருந்து மின்சாரத்தில் சூடாகும் ரோலர்கள் வந்தன. இன்றைய இடுக்கிகள் பலவற்றில் வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் இருக்கிறது. வசதி கூடினாலும் அடிப்படை மாறவில்லை. சூடும் தற்காலிகப் பிணைப்பைத்தான் மாற்றுகிறது. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும் சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களில், காலையில் சுருட்டிய முடி மாலைக்குள் தளர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். அதற்காகச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் புரதமே சிதைந்துவிடும். சிதைந்த முடி மீளாது. புது முடி வளரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ரசாயனத்தின் வரவு

கழுவினாலும் போகாத சுருள் வேண்டும் என்று ஆசைப்பட்டவர் ஜெர்மனியில் பிறந்த கார்ல் நெஸ்லர். லண்டனில் 1905, 1906 வாக்கில் தம் முறையை அவர் மக்கள் முன் செய்து காட்டினார். முடியில் ரசாயனத்தைத் தடவி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ள பித்தளைக் கம்பிகளில் சுற்றிச் சூடாக்குவார். அந்தப் பாரம் தலையை அழுத்தாமலிருக்க, கம்பிகளை மேலிருந்து எடைகட்டித் தொங்கவிடுவார். ஒரு தலைக்குச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கும்.

அந்த மேடைக்கு முன்னால் ஒரு வீட்டுக் கதை உண்டு. அவர் முதலில் சோதித்துப் பார்த்தது தம் மனைவி கத்தரீனாவின் தலையில். முதல் இரண்டு முயற்சிகளில் அவருடைய முடி எரிந்து போனது, தலைத்தோலும் வெந்தது. மூன்றாவது முயற்சியில்தான் வெற்றி. புகழ் நெஸ்லருக்குக் கிடைத்தது, காயம் கத்தரீனாவுக்கு.

அமெரிக்காவில் மார்ஜரி ஜாய்னர் என்ற கறுப்பினப் பெண்மணி, இறைச்சி வேகவைக்கச் செருகும் கம்பிகளைப் பார்த்து, பல கம்பிகளை ஒரே நேரத்தில் சூடாக்கும் பெர்ம் இயந்திரத்தை வடிவமைத்தார். 1928-இல் காப்புரிமையும் பெற்றார். அந்த உரிமை அவர் பணிபுரிந்த நிறுவனத்துக்கே போனதால், கண்டுபிடித்தவருக்குப் பணம் ஏதும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

1938-இல் ஆர்னல்ட் வில்லட் கொண்டுவந்த 'கோல்ட் வேவ்' முறையில் இயந்திரமும் இல்லை, சூடும் இல்லை. அம்மோனியம் தயோகிளைகோலேட் என்ற திரவம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும். முடி ரோலரின் வடிவத்துக்கு வந்தபின், இரண்டாவது மருந்து அந்தப் பிணைப்புகளைப் புதிய இடத்தில் மீண்டும் பூட்டும். அதனால்தான் இந்தச் சுருள் கழுவினாலும் போவதில்லை.

சூடு தேவையில்லை என்றதும் பெர்ம் வீட்டுக்குள் நுழைந்தது. 1944-இல் அமெரிக்காவில் 'டோனி' என்ற வீட்டு பெர்ம் பெட்டி விற்பனைக்கு வந்தது. இரட்டைச் சகோதரிகளில் எவர் வீட்டில் சுருட்டிக்கொண்டவர் என்று கேட்ட அதன் விளம்பரம் மிகவும் பிரபலம். 1948-இல் சுமார் 20 மில்லியன் டாலருக்கு ஜில்லெட் நிறுவனம் அதை வாங்கியது என்றால், எத்தனை சமையலறைகளில் அந்த மருந்தின் வாடை வீசியிருக்கும்!

பணக்காரப் பெண்களின் அலங்காரம் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் எட்டியது. ஆபத்தும் கூடவே வந்தது. அந்நாளைய வீட்டுப் பெட்டிகள் சிலவற்றில் இரண்டாவது மருந்தாகப் பொட்டாசியம் புரோமேட் இருந்தது. குழந்தைகள் அதைத் தெரியாமல் குடித்து, சிறுநீரகமும் செவியும் பாதிக்கப்பட்ட சம்பவங்களை மருத்துவ ஏடுகள் பதிவு செய்தன. சலூனில் பயிற்சி பெற்றவர் கையில் இருந்த ரசாயனம், வீட்டில் மேசை ஓரத்துக்கு வந்ததன் விளைவு அது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு நாள் விழாவுக்கு மட்டும்தான் என்றால் துணிக் கீற்றோ ரோலரோ போதும். அவசரம் என்றால் மின்சார இடுக்கி. முடி நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், குறைந்த சூட்டில் தொடங்க வேண்டும், ஒரே இடத்தில் சில விநாடிகளுக்கு மேல் பிடிக்கக்கூடாது.

மாதக்கணக்கில் சுருள் வேண்டும் என்பவர்கள்தான் பெர்ம் பக்கம் போக வேண்டும். எண்ணெய் தேய்த்த முடியில் மருந்து சீராக இறங்காது என்பதால் முதலில் அலச வேண்டும். வெளுக்கப்பட்ட முடி எளிதில் அறுந்துவிடும். உலோக உப்பு கலந்த சாயமோ மருதாணிப் பொடியோ போட்டவர்கள் பெர்மைத் தவிர்ப்பதே நல்லது. மற்றவர்கள் முதலில் தோலில் சிறிது தடவியும், பின்கழுத்தருகே ஒரு சிறு கற்றையில் செய்தும் பார்க்க வேண்டும். பெட்டியில் குறிப்பிட்ட நிமிடங்களை மீறக்கூடாது. மருந்தைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு கத்தரீனாவுக்குக் கிடைக்கவில்லை. இன்று வீட்டில் சுருட்டிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் அது இருக்கிறது. அதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.