அவசரம் இல்லாத நாட்களின் சம்பளம்: அலாஸ்கா ஊர்களின் சுகாதார உதவியாளர்கள்

அமெரிக்கக் கிராமப்புறங்களில் ஆம்புலன்ஸ் பணிக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற முறையீடு புதிதல்ல. பழைய தன்னார்வலர்களுக்கு வயதாகிவிட்டது, இளையவர்கள் முன்வருவதில்லை, ஊர்ப்பற்று மங்கிவிட்டது என்று காரணம் அடுக்குகிறார்கள். மக்களின் மனத்தைக் குறைசொல்லும் இந்த விளக்கம் வேலையின் அமைப்பைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. அதே நாட்டின் அலாஸ்கா மாநிலத்தில், சாலையே எட்டாத ஊர்களில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக உள்ளூர் ஆட்களே இந்தப் பணியைச் செய்துவருகிறார்கள்.

முதலில் பயிற்சி, பணம் இரண்டின் கதை. 1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்துச் சாவுகள் குறித்து வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதியை ஈமச்சடங்கு நிறுவனங்களே நடத்திவந்ததாகச் சொன்னது. ஒருவரைப் படுக்கவைத்து ஏற்றும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது! அந்த அறிக்கைக்குப் பிறகு பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் வந்தன. இன்று அடிப்படை நிலை அவசர மருத்துவ உதவியாளருக்கான பயிற்சி ஏறத்தாழ 150 மணி நேரம். மூச்சு நின்றவரைக் கையாளப்போகிறவருக்கு அது அதிகம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் பகலில் பண்ணையிலோ கடையிலோ உழைப்பவர், சம்பளமில்லாத ஒரு வேலைக்காக, மாலைதோறும் வேறு ஊருக்கு வண்டியோட்டிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது.

சம்பளம் ஏன் இல்லை? முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், அடிப்படையில் நோயாளியை ஏற்றிச் செல்வதற்குத்தான் ஆம்புலன்ஸ் கட்டணம் தருகிறது. காத்திருக்கும் நேரத்துக்குத் தருவதில்லை. நகரத்தில் வண்டி ஓடிக்கொண்டே இருப்பதால் கணக்கு ஓரளவு சரிக்கட்டும். அழைப்பே வராத நாட்கள் பல உள்ள சிற்றூரிலும் ஆள் இரவும் பகலும் தயாராக இருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பின் செலவைத் தன்னார்வலர்கள் தங்கள் உறக்கத்தாலும் கூலியாலும் ஈடுகட்டுகிறார்கள். ஐயோவா மாநிலம் 2021இல்தான் ஒரு சட்டம் இயற்றி, மாவட்ட நிர்வாகங்கள் ஆம்புலன்ஸ் பணியை இன்றியமையாச் சேவையாக அறிவித்து, வாக்காளர் ஒப்புதலுடன் வரி விதிக்க வழிசெய்தது.

அலாஸ்காவில் தொடக்கமே வேறு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்குள்ள பழங்குடி மக்களிடையே காசநோய் மிகக் கடுமையான அளவில் பரவியிருந்தது. மாதக்கணக்கில் தவறாமல் மருந்து கொடுக்க மருத்துவர்களால் ஊர் ஊராகப் போக முடியவில்லை. எனவே 1950களில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி தந்து மருந்தை ஒப்படைத்தார்கள். அவர்களிடமே மற்ற நோயாளிகளும் வரத் தொடங்கினர். 1968இல் கூட்டாட்சி அரசின் நிதி கிடைத்தபோது அது சுகாதார உதவியாளர் என்ற முறையான சம்பள வேலையாயிற்று. பிற்காலத்தில் 170க்கும் மேற்பட்ட ஊர்களில் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் பணியாற்றும் அளவுக்கு வளர்ந்தது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஊருக்கே முதன்மைப் பங்கு. யார் நள்ளிரவில் கதவைத் திறப்பார், யார் கேட்ட ரகசியத்தை வெளியே சொல்லமாட்டார் என்பது எந்த நேர்காணல் குழுவையும்விட ஊருக்கு நன்றாகத் தெரியும். பயிற்சியை நான்கு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மூன்று நான்கு வாரம். ஆங்கரேஜ், பெத்தேல், நோம் போன்ற இடங்களுக்குப் போய்ப் படித்துவிட்டு, இடைக்காலத்தில் சொந்த ஊர் மருத்துவ நிலையத்தில் கற்றதைச் செய்து பழகுகிறார்கள். எந்த அறிகுறிக்கு என்ன கேட்க வேண்டும், எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லும் கையேடு பக்கத்திலேயே இருக்கும். வட்டார மருத்துவமனையின் மருத்துவர் முன்பு வானொலியில் பேசினார். 1971இல் ஏடிஎஸ்-1 செயற்கைக்கோள் வழியாகவும் பேசிப் பார்த்தார்கள். இப்போது தொலைபேசியும் தொலைமருத்துவக் கருவிகளும் இருக்கின்றன.

இவற்றுள் வெளியாரை உடனே கவர்வது கையேடும் செயற்கைக்கோளும்தான். உண்மையில் இந்த ஏற்பாட்டைத் தாங்குவது, அவசரம் இல்லாத நாட்களின் வேலை: காதுவலி, தடுப்பூசி, கர்ப்பிணிப் பரிசோதனை, இரத்த அழுத்தம். இந்த அன்றாட வேலைதான் சம்பளத்தை நியாயப்படுத்துகிறது. கையும் கண்ணும் பழக்கம் விட்டுப்போகாமல் காக்கிறது. பனிப்புயலில் மருத்துவ விமானம் வராமல் காயம்பட்டவரோடு இரவைக் கழிக்க நேரும்போது, உதவியாளருக்கு அவருடைய பழைய நோயும் ஒவ்வாமையும் முன்பே தெரிந்திருக்கும்.

தரம் தாழ்ந்துவிடும் என்ற மறுப்பு எழக்கூடும். அதில் சற்று நியாயமும் உண்டு. சில மாதப் பயிற்சி மருத்துவப் படிப்பாகாது. ஆனால் அங்கே மருத்துவர் இருந்து அவருடைய இடத்தை இவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. 1998 முதல் தனி வாரியம் சான்றளிக்கிறது. ஒவ்வொரு நிலையிலும் எதுவரை செய்யலாம் என்ற வரம்பும் தெளிவாக இருக்கிறது.

இதைவிட வலுவான குறை வேறொன்று. சிற்றூரில் அடிபட்டு வருபவர் பெரும்பாலும் உதவியாளரின் உறவினர். அண்ணன் மகனின் மார்பை அழுத்திப் பிழைக்கவைக்க முயன்று தோற்றவர், மறுநாள் காலை அதே நிலையத்தைத் திறக்க வேண்டும். தனியாளாக இரவுபகல் அழைப்பில் இருப்பவர்கள் களைத்து வேலையை விடுவது இத்திட்டத்தின் நெடுநாள் நோய். ஊரே தேர்ந்தெடுத்தவர் என்பதால் விலகுவதும் எளிதல்ல.

மினசோட்டா மாநிலமும் 2011இல் சமுதாயத் துணைமருத்துவர் என்ற பணியைச் சட்டத்தில் சேர்த்து, ஆம்புலன்ஸ் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று நாட்பட்ட நோயாளிகளைக் கவனிக்க இடம் தந்தது. அலாஸ்கா முதலுதவியை அன்றாட மருத்துவத்தோடு சேர்த்ததென்றால், இது எதிர்முனையிலிருந்து அதே இடத்துக்கு வரும் முயற்சி. 2010இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டமும் அலாஸ்கா திட்டத்தைப் பிற மாநிலப் பழங்குடிகளுக்குக் கொண்டுசெல்ல வழி திறந்தது. அப்படிக் கொண்டுசெல்லும்போது பாடத்திட்டமும் கையேடும் எளிதில் ஊர்விட்டு ஊர் போய்விடும். ஓர் ஊருக்குக் குறைந்தது இரண்டு உதவியாளர்களின் முழுச் சம்பளம் அப்படிப் போகாது. இரண்டாமவர் இருந்தால்தான் முதலாமவர் அடுத்த கட்டப் பயிற்சிக்கு நான்கு வாரம் ஊரைவிட்டுப் போக முடியும். தன் வீட்டுச் சாவுக்குப் பிறகு சில நாள் விடுப்பும் எடுக்க முடியும்.