பரியும் காண்போரும்

பரியேற்றம் வீரர்க்குரிய கலை. அதனை நோக்கி மதிப்பிடுதல் காண்போர்க்குரிய கலை. முன்னதன் வரலாறு போர் வரலாற்றுள் அடங்கும். பின்னதன் வரலாற்றை இலக்கியத்திலும் வழிபாட்டு மரபிலுமே தேடுதல் வேண்டும்.

புறத்திணைத் துறைகளுள் குதிரை மறம் என்பது ஒன்று. புறநானூற்று 299ஆம் பாடலில் பொன்முடியார் இருவகைக் குதிரைகளை ஒப்பிடுகின்றார். சீறூர் மன்னனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்ந்த நடையுடையது; எனினும் பகைவர் படையைப் பிளந்து செல்கின்றது. பெருவேந்தரின் குதிரைகளோ நெய்யுணவு உண்டு வளர்ந்தவை. அவை களத்தில் ஒதுங்கி நிற்கின்றன. நளன் கதையிலும் இக்கருத்தே பயில்கின்றது. மெலிந்த குதிரைகளை நளன் தேர்ந்தபோது இருதுபன்னன் ஐயுற்றான். அவை விதர்ப்ப நாட்டை ஒரு பகலில் அடைந்தபோது ஐயம் நீங்கினான். தோற்றமன்று, செயலே அளவுகோல் என்பது இவற்றால் பெறப்படும்.

இதற்கு மாறான பார்வையும் உண்டு. திருவிளையாடற்புராணத்திலே பாண்டியன் தன்முன் நடத்திக் காட்டப்பெற்ற பரிகளின் நடையழகில் மயங்கினான். இரவில் அவை நரிகளாயின. இது புராணம். 13ஆம் நூற்றாண்டில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள் பேணத் தெரிந்தோர் இன்மையால் மடிந்தன என எழுதினார். இது வரலாறு. அழகைக் கண்ட கண் உயிரின் தேவையைக் காணாமை இரண்டற்கும் பொது.

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் திருவெம்பாவைக் காலத்தே திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லும் மரபு இக்கதையை நிலைபெறச் செய்தது. வேட்டைத் திருவிழாவில் இறைவன் குதிரை வாகனத்தில் எழுந்தருள்வான். அரியாலை முதலாய ஊர்களில் வளர்ந்தோர்க்கு முன்னங்கால் தூக்கிக் கழுத்து வளைத்து நிற்கும் அவ்வாகனமே குதிரையழகின் இலக்கணம். அவ்வளைவு சிற்பியின் கைவண்ணம், மரத்திற்கு நோவில்லை.

உயிர்க்குதிரையின் கழுத்து வளையுமிடத்து நிலை வேறு. டிரெஸ்ஸாஜ் எனும் குதிரை நடைப்போட்டியில் ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை புள்ளியிடுவர். குதிரை தானே விரும்பி ஆடுவதுபோல் தோன்றுதலே இக்கலையின் உயர்நிலை. 2009இல் டென்மார்க்கில் போட்டிக்கு முன்னைய பயிற்சியின்போது, கழுத்து மிக வளைக்கப்பட்ட ஒரு குதிரையின் நாக்கு நீலம் பாரித்திருந்தமை படமாக்கப்பட்டுப் பரவிற்று. காண்போரிடையே கடுங்கண்டனம் எழுந்தது. 2010 பெப்ரவரியில் அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம், வலிந்து கழுத்தை வளைத்தல் ஏற்கத்தக்கதன்று என அறிவித்தது. நடுவரின் கண் அரங்கிற்குள் நின்றது. காண்போரின் கண் அரங்கிற்கு வெளியேயும் சென்றது.

2023இல் காங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இந்திய அணி இப்போட்டியில் தங்கம் வென்றது. 2024இல் அனுஷ் அகர்வல்லா பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்போட்டியிற் பங்குகொண்ட முதல் இந்தியரானார். இதனால் தெற்காசியாவிலும் இக்கலையை நோக்குவோர் தொகை பெருகக்கூடும். அவர்கள் எக்கண்ணால் நோக்குவர் என்பதே வினா. பாண்டியனின் கண் பரிக்குப் பயன்படவில்லை. பொன்முடியாரின் கண்ணே பயன்படும். மாட்டுவண்டிச் சவாரித் திடலைச் சூழ்ந்து நிற்கும் நம்மவர்க்கும் இது பொருந்தும். வென்ற விலங்கைப் புகழ்வது எளிது. அது எவ்வாறு வெல்விக்கப்பட்டது என வினவுதலே காண்போரின் கடன்.