தாய்மொழி எல்லையும் பாடகியின் ஒலிப்பும்: எஸ். ஜானகி

குண்டூர் மாவட்டத்தில் 1938இல் பிறந்த எஸ். ஜானகியின் தாய்மொழி தெலுங்கு. எனினும் பின்னணிப் பாடகியாக அவர் அறிமுகமானது 1957இல் வெளிவந்த 'விதியின் விளையாட்டு' என்னும் தமிழ்ப் படத்தில். தொடர்ந்து மலையாளம், கன்னடம் முதலிய மொழிகளிலும் பாடினார். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரத்தோடு இணைந்து பாடிய பாடல் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

இவ்வாழ்க்கை மொழியியலார்க்கு ஒரு வினாவை எழுப்புகிறது. தமிழிலும் மலையாளத்திலும் பொருள் வேறுபடுத்தும் ஒலியனாகிய ழகரம் இன்றைய தெலுங்கில் இல்லை. மறுபுறம், தெலுங்கு எழுத்து பிரித்துக் காட்டும் ஒலிப்புடைய, ஒலிப்பிலா வெடிப்பொலிகளைத் தமிழ் எழுத்து பிரித்துக் காட்டுவதில்லை; பாடுவோர் சூழலறிந்தே ஒலிக்க வேண்டும். ஆகவே, பாடலை வேற்றெழுத்தில் பெயர்த்தெழுதுதல் மட்டும் போதாது, செவிப்பயிற்சியும் வேண்டும்.

அவர் பெற்ற தேசிய விருதுகள் நான்கு: தமிழில் '16 வயதினிலே' (1977), 'தேவர் மகன்' (1992), மலையாளத்தில் 'ஒப்போள்' (1980), தெலுங்கில் 'சிதாரா' (1984). விருது ஒலிப்புக்காக மட்டும் அளிக்கப்படுவதன்று. ஆயினும் நான்கில் மூன்று தாய்மொழிக்குப் புறத்தே கிட்டியவை. பிறமொழியாளர் ஒலிப்பு என்றும் குறையுடையதே என்னும் பொதுக்கருத்தை மீளாய்வு செய்ய இவ்வரலாறு போதிய காரணமாகும்.