மெத்தில்பெனிடேட்டும் தன்னுடல் தாக்குநோய்களும்

மெத்தில்பெனிடேட்டு என்பது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கு (ஏடிஎச்டி) வழங்கப்படும் ஊக்க மருந்து ஆகும். இது 1944 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் முதன்முதலில் உருவாக்கப்பட்டது. இந்தியாவில் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள், உளமருட்சிப் பொருள் சட்டத்தின் கீழ் இதன் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

இம்மருந்து குருதிக்குழாய்களைச் சுருக்கக்கூடியது. இதனால் சிலருக்குக் குளிரில் விரல்கள் வெளிறி, நீலமாகி, மரத்துப்போகும் ரேனோ நோய்க்குறி ஏற்படலாம். 2008 இல் வெளியான ஆய்வொன்று சிறாரிடம் ஊக்க மருந்துகளுக்கும் இந்நோய்க்குறிக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. தோல் இறுக்க நோய், லூபசு போன்ற தன்னுடல் தாக்குநோய்களிலும் இதே அறிகுறி தோன்றும். ஆதலால் குருதியில் அணுக்கரு எதிர்ப்பான் சோதனை, நகவோர நுண்குழாய் ஆய்வு ஆகியவற்றின் துணையுடன் மருத்துவர்கள் காரணத்தைப் பிரித்தறிகின்றனர்.

ஊக்க மருந்துகள் தன்னுடல் தாக்குநோய்களை உண்டாக்குகின்றன என்பது நிறுவப்படவில்லை. மருந்தினால் வந்த அறிகுறி, மருத்துவர் அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் தணியும்.