கழற்றக்கூடிய சில்லு: ஒரு வரலாற்று நோக்கு

ஹந்தானை மலைச்சரிவிலுள்ள வீடொன்றில் மோட்டார் வண்டியின் சில்லைக் கழற்ற முனையும் ஒருவர் முதலிலே தேடவேண்டியது சமநிலமாகும். சரிவான தரையில் ஜக் நழுவும், வண்டி உருளும். சமதரையில் வண்டியை நிறுத்திக் கைத்தடையை இறுக்கி, கழற்றாத சில்லொன்றுக்குக் கல் அணைகொடுத்து, கழற்றவேண்டிய சில்லு நிலத்தில் ஊன்றியிருக்கும்போதே அதன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பின்னரே வண்டியை உயர்த்துதல் முறையாகும். உயர்த்திய பின் நட்டைத் திருகினால் சில்லும் உடன் சுழலும். மீளப் பூட்டும்போது எதிரெதிரான நட்டுகளை மாறிமாறி முடுக்குவர். இறுதி முடுக்கம் சில்லு தரையைத் தொட்ட பின்னரே செய்யப்படும். வண்டியோட்டுவோர் பலரும் அறிந்த இவ்வேலைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி ஹந்தானையின் அடிவாரத்திலேயே நிகழ்ந்தது.

1888 இல் டன்லொப் காற்றடைத்த டயரை ஆக்கியபோது அது துவிச்சக்கர வண்டிக்கே பயன்பட்டது. பின்னர் அது மோட்டார் வண்டிக்கு வந்ததும் பயணம் மென்மையாயிற்று, இடரும் கூடிற்று. கல்லும் குதிரை இலாட ஆணியும் நிறைந்த வீதிகளில் டயர்கள் அடிக்கடி வெடித்தன. அக்காலச் சில்லுகளோ பொதுவாக அச்சோடு நிலையாகப் பொருத்தப்பட்டவை. ஆதலின் சாரதி தெருவோரத்தில் அமர்ந்து, நெம்புகோல்களால் டயரைப் பிரித்து, டியூபை ஒட்டி, கையாலே காற்றடிக்க வேண்டியிருந்தது. அன்றைய மோட்டார் வண்டி சம்பளச் சாரதி வைத்திருக்கக்கூடிய செல்வரின் உடைமையாயிருந்தமைக்கு இவ்வுழைப்பும் ஒரு காரணம் எனலாம்.

1904 இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரைச் சேர்ந்த டேவிஸ் சகோதரர், பழுதுற்ற சில்லின் பக்கத்தே பூட்டக்கூடிய உதவி வளையம் ஒன்றை அமைத்தனர். அவர்களது கடை இருந்த ஸ்டெப்னி வீதியின் பெயரே அதற்கு இடப்பட்டது. இந்தியாவில் மாற்றுச் சில்லை இன்றும் 'ஸ்டெப்னி' என வழங்குவது இதனாலேயே. 1906 ஜூனில் பிரான்சின் லெ மான் நகரருகே நடந்த பெரும் ஓட்டப்போட்டியில் சாரதியும் உடனமர்ந்த பொறியாளுமே டயரை மாற்றலாம் என்பது விதி. மிஷெலின் நிறுவனத்தின் கழற்றக்கூடிய வளையங்களைப் பூட்டிய ரெனோ வண்டி அப்போட்டியில் வென்றது. அதன்பின் முழுச்சில்லையுமே கழற்றி மாற்றும் முறை படிப்படியாகப் பரவியது. பிறர் துணையின்றி ஒருவர் தம் முற்றத்திலேயே செய்யத்தக்க வேலையாக அது மாறிற்று.

எனினும் இரும்பும் நட்டும் மட்டும் சில்லாகிவிடா. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொணர்ந்த இறப்பர் விதைகளில் முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவை பேராதனைப் பூங்காவின் மேற்பார்வையில் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. லெ மான் போட்டி நடந்த அதே 1906 ஆம் ஆண்டின் செப்டெம்பரில், பேராதனைப் பூங்காவிலே இறப்பர்க் கண்காட்சி நடந்தது. ஐரோப்பாவிலே சில்லு கழலத் தொடங்கிய ஆண்டில், அதற்கு வேண்டிய இறப்பர் ஹந்தானையின் அடிவாரத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டமை நோக்கற்பாலது.

அவ்விறப்பரை எடுத்த கைகள் யாருடையவை? களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில், விடியற்குளிர்ச்சியில் பால் நன்கு வடியும் என்பதால் இருள் புலர முன்னரே மரப்பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் சேர்த்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் சிங்களக் கிராமத்தவருமாவர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அத்தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோரின் குறை தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களது பால் கடல் கடந்து சென்றது, டயராகித் திரும்பியது, ஆனால் அவர்களோ எந்நாட்டவர் என்ற வினாவுக்கு விடையின்றி நின்றனர்.

சுதந்திரத்தின் பின்னரும் இலங்கை பெரும்பாலும் மூலப்பொருளையே விற்றது. 1952 இல் சீனாவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்தபோதே, உள்ளூர் இறப்பர் உள்ளூர்ச் சில்லாகும் வழி பெரிதாகத் திறந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, இருக்கும் வண்டியைப் பேணிக் காப்பதன் அருமை மீண்டும் உணரப்பட்டது.

பொறியின் வரலாற்றைக் கண்டுபிடித்தவர் பெயர்களாலும் காப்புரிமை ஆண்டுகளாலும் மட்டும் எழுதுவது வழக்கம். அவ்வாறு எழுதினால் பாதி வரலாறே எஞ்சும். கழற்றக்கூடிய சில்லு வண்டியோட்டியைப் பிறர் உழைப்பினின்றும் விடுவித்தது என்பது உண்மை. ஆயினும் அவ்விடுதலை, கண்ணுக்குத் தெரியாத வேறு பலரின் உழைப்பின்மீதே நின்றது. முற்றத்திலே கழற்றி வைத்த சில்லில் இவ்விரு உண்மைகளும் சேர்ந்தே கிடக்கின்றன.