இரவல் குரல்

1989-ம் வருடம், ஜூலை 21. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், பிரிஸ்டல் என்கிற ஊர். அங்கே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பாட்டுக் கச்சேரி. மேடையில் இரண்டு இளைஞர்கள். நீள நீளமாகச் சடை, தோளில் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டு, இறுக்கமான பேன்ட். ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். எம்.டி.வி. படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கூட்டம் கிறங்கிப் போயிருக்கிறது.

திடீரென்று பாட்டு மாட்டிக்கொண்டது.

பழைய இசைத்தட்டில் கீறல் விழுந்தால் முள் ஒரே இடத்தில் சுற்றுமே, ஞாபகமிருக்கிறதா? அதே மாதிரி. பாட்டின் தலைப்பு வரியில் பாதி மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. பாடுகிறவன் வாயை மூடினாலும் பாட்டு நிற்கவில்லை. ஒருவர் மேடையை விட்டு ஓடியே போய்விட்டார்.

கூட்டம் என்ன செய்தது? செருப்பு பறந்ததா? ம்ஹூம். பெரிதாக யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகி ஆட்டம் தொடர்ந்தது.

ஓடிப்போனவர் பெயர் ராப் பிலாட்டஸ். கூட இருந்தவர் ஃபேப் மோர்வன். இரண்டு பேரும் சேர்ந்தால் மில்லி வனில்லி. அந்த வருடம் அமெரிக்காவில் வேகமாக மேலே ஏறிக்கொண்டிருந்த புதிய நடனப் பாட்டுக் குழு. அவர்களுடைய ஆல்பத்தில் அவர்கள் ஒரு வரிகூடப் பாடியிருக்கவில்லை என்பது அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள இன்னொரு குழுவிடம் போக வேண்டும். போனி எம். உங்கள் வீட்டில் எண்பதுகளில் காலேஜ் போன மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் கேட்டுப்பாருங்கள். ‘டாடி கூல்’, ‘ரஸ்புடின்’ என்று ஒரு கேசட்டாவது பரணில் கிடக்கும். போனி எம்மை உருவாக்கியவர் ஃபிராங்க் ஃபாரியன் என்கிற ஜெர்மானியர். 1975-ல் ஒரு நடனப் பாட்டு வெளியிட்டார். அதில் ஆணின் கட்டைக் குரலும் அவர்தான், கீச்சுக் குரலும் அவர்தான். சொந்தப் பெயரைப் போடாமல், டி.வி.யில் வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடர் ஒன்றின் பெயரிலிருந்து உருவி ‘போனி எம்’ என்று போட்டுவிட்டார்.

பாட்டு நெதர்லாந்தில், பெல்ஜியத்தில் ஓடத் தொடங்கியது. டி.வி.க்காரர்கள் குழுவைக் கேட்டார்கள். குழுவா? அப்படி ஒன்று இருந்தால்தானே! அவசரமாக ஆள் பிடித்தார் ஃபாரியன். மூன்று பெண்கள், ஒரு ஆண். அந்த ஆண், பாபி ஃபாரல், மேடையில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் இசைத்தட்டில் அவர் வாயிலிருந்து வருவதாக நாம் நினைத்த அந்தக் கட்டைக் குரல் ஃபாரியனுடையது. மூன்று பெண்களிலும் இரண்டு பேர் குரல்தான் தட்டில் இருந்தது. 1978-லேயே இது வெளியே தெரிந்துவிட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. வியாபாரம் அமோகம்.

ஃபாரியன் படித்த பாடம் அதுதான். முகம் தனிச் சரக்கு, குரல் தனிச் சரக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கொள்முதல் செய்து ஒரே பெட்டியில் போட்டு விற்கலாம். பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கைப் பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டியின் மேல் என்ன எழுதி ஒட்டுகிறோம் என்பதும் கணக்கில் சேர்த்திதானே?

1988-க்கு வருவோம். ‘கேர்ள் யூ நோ இட்ஸ் ட்ரூ’ என்று ஒரு பாட்டு. நியூமார்க்ஸ் என்கிற அமெரிக்கக் குழு ஒரு வருடம் முன்பே பாடியது, பெரிதாக ஓடவில்லை. ஃபாரியன் அதை ஜெர்மனியில் தன் ஸ்டுடியோவில் புதிதாகச் செய்தார். பாடியவர்கள் சார்லஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல். ஜெர்மனியில் தங்கிவிட்ட அமெரிக்கர்கள். அருமையான குரல்கள். ஆனால் அது எம்.டி.வி. காலம். பாட்டைக் கண்ணால் கேட்க ஆரம்பித்துவிட்ட காலம். இந்த முகங்கள் போணியாகாது என்று கணக்குப் போட்டார் ஃபாரியன்.

அதே நேரத்தில் மியூனிக்கில் இரண்டு இளைஞர்கள் வாய்ப்புத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். ராப், அமெரிக்க ராணுவ வீரர் ஒருவருக்கும் ஜெர்மானியப் பெண்ணுக்கும் பிறந்தவர். அநாதை இல்லத்தில் இருந்தவரை ஒரு ஜெர்மானியக் குடும்பம் தத்தெடுத்து வளர்த்தது. ஃபேப் பாரிஸ்காரர். இருவருக்கும் நன்றாக ஆட வரும். பார்க்க அம்சமாக இருப்பார்கள். கையில்தான் காசு கிடையாது.

ஃபாரியன் ஒப்பந்தத்தை நீட்டினார். கூடவே கொஞ்சம் முன்பணம். பையன்கள் துணிமணிக்கும் சடைக்கும் அதைச் செலவழித்துவிட்டார்கள். பாடலாம் என்று ஸ்டுடியோவுக்குப் போனால், பாட்டு ஏற்கெனவே தயார். வாயை மட்டும் அசைத்தால் போதும். முடியாதா? முன்பணத்தைத் திருப்பிக் கொடு. இது அவர்கள் பின்னால் சொன்ன கதை.

ஒரே ஒரு பாட்டுக்குத்தானே என்று சம்மதித்தார்கள். கந்துவட்டிக்காரரிடம் முதல் தடவை கைநீட்டுகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

பாட்டு ஐரோப்பாவில் பற்றிக்கொண்டது. 1989-ல் அரிஸ்டா கம்பெனி அமெரிக்காவில் ஆல்பத்தை வெளியிட்டது. அறுபது லட்சம் பிரதிகள்! ஒரே வருடத்தில் மூன்று பாட்டுகள் அமெரிக்கப் பட்டியலில் முதல் இடம். ஆல்பத்தின் அட்டையில் பாடகர்கள் என்று போட்டிருந்த பெயர்கள் ராப், ஃபேப். இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடக் கடைசியில் சார்லஸ் ஷா ஒரு நிருபரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். உடனே அவருக்கு ஒன்றரை லட்சம் டாலர் போனதாகவும், அதனால்தான் சொன்னதை வாபஸ் வாங்கினார் என்றும் பின்னால் செய்தி வந்தது. 1990 பிப்ரவரியில் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது மில்லி வனில்லிக்குக் கிடைத்தது. அந்த விழா மேடையிலும் வாயசைப்புதான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அடுத்த ஆல்பத்தில் நாங்களே பாடுவோம் என்று பையன்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஃபாரியன் யோசிக்கவில்லை. 1990 நவம்பர் நடுவில் அவர்களை நீக்கிவிட்டு, நிருபர்களிடம் அவரே சொல்லிவிட்டார், அது இவர்கள் குரல் இல்லை என்று. பொய்யைத் தயாரித்தவரே பொய்யை அறிவித்த விசித்திரம்!

ஒரே வாரத்தில் கிராமி பறிபோனது. நவம்பர் 20 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் நிருபர்களைச் சந்தித்தார்கள். எங்களுக்கும் பாட வரும் என்று அங்கேயே பாடிக்காட்டினார்கள். யார் காதில் விழும்? அரிஸ்டா அவர்களைக் கைகழுவியது. எங்களுக்கு எதுவும் தெரியாது என்றது. தெரியும் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆல்பம் வாங்கியவர்களுக்கு, கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தில் ஒரு பகுதி வாபஸ். சி.டி.க்கு மூன்று டாலர்வரை. சுமார் ஒரு கோடிப் பேர் கேட்கத் தகுதியானவர்கள் என்று ஒரு கணக்கு. பாட்டு நன்றாக இல்லை என்று ஒருவரும் வழக்குப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் இப்போது என்ன கேட்பீர்கள் என்று தெரியும். ‘இதுல என்ன சார் குத்தம்? நம்ம ஊர்ல எல்லா ஹீரோவும் வாயசைக்கிறவங்கதானே?’

நியாயமான கேள்வி. எம்.ஜி.ஆருக்கும் பாடினார் டி.எம்.எஸ்., சிவாஜிக்கும் பாடினார். யாராவது ஏமாந்தோமா? இல்லை. ஏனென்றால் டைட்டிலிலேயே போட்டுவிடுவார்கள், பின்னணி டி.எம். சௌந்தரராஜன் என்று. ரேடியோவிலும் பேரைச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். நாமும் இதை எடுத்த எடுப்பிலேயே சரியாகச் செய்துவிடவில்லை. 1949-ல் ‘மஹல்’ என்கிற இந்திப் படத்தின் இசைத்தட்டில் பாடகி பெயர் ‘காமினி’ என்று இருந்தது. அது படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர்!

ஆக, தப்பு வாயசைத்ததில் இல்லை. அட்டையில் அந்த ஒரு வரி இருக்கிறதே, அதில்தான். ஜான் டேவிஸ் பெயரை அங்கே போட்டிருந்தால் கோர்ட்டும் இல்லை, அவமானமும் இல்லை. பாடிய மூன்று பேருக்கும் உரிய மரியாதை கிடைத்திருக்கும்.

சரி, ஐந்தொகையைப் பார்ப்போம். யாருக்கு என்ன மிஞ்சியது?

ஃபாரியனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொண்ணூறுகளிலும் லா பூஷ் மாதிரிப் புதுக் குழுக்களை வைத்து ஹிட் கொடுத்தார். 2024 ஜனவரியில், 82 வயதில் காலமானார். அரிஸ்டாவும் பிழைத்துக்கொண்டது. பையன்கள் 1993-ல் சொந்தக் குரலில் ஒரு ஆல்பம் போட்டார்கள். விற்றது சுமார் இரண்டாயிரம்! அறுபது லட்சம் எங்கே, இரண்டாயிரம் எங்கே?

அந்த இருவரும் ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தைகள் என்று நான் சொல்ல வரவில்லை. விருதை வாங்கினார்கள், புகழை ரசித்தார்கள். ஆனால் லாபம் வந்தபோது எல்லோரும் பங்காளிகள். நஷ்டம் வந்தபோது மட்டும் அவர்கள் இரண்டு பேர் கணக்கில் எழுதப்பட்டது. உலகத்துக்குத் தெரிந்த முகம் அவர்களுடையதுதானே!

ராப் அதிலிருந்து மீளவே இல்லை. போதை, அடிதடி, ஜெயில். கடைசியில் ஃபாரியனே மறுபடி அழைத்து, இந்தத் தடவை நீங்களே பாடுங்கள் என்று ஒரு ஆல்பம் தொடங்கினார். அது வெளிவரவில்லை. 1998 ஏப்ரலில் ஃபிராங்ஃபர்ட் பக்கம் ஒரு ஹோட்டல் அறையில் ராப் இறந்து கிடந்தார். மதுவும் மாத்திரையும். வயது 32.

ஃபேப் தாக்குப்பிடித்தார். பாடினார், விடாமல் பாடினார். பல வருடம் கழித்து அவரும் ஜான் டேவிஸும் சந்தித்து, ஒரே மேடையில் சேர்ந்து பாடினார்கள். ‘முகம் குரலைச் சந்திக்கிறது’ என்ற அர்த்தத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள். 2021 மே மாதம் டேவிஸை கொரோனா கொண்டுபோய்விட்டது.

2025 நவம்பரில் கிராமி பரிந்துரைப் பட்டியல் வந்தது. ஒலிப்புத்தகப் பிரிவில் ஒரு பெயர், ஃபேப் மோர்வன். தன் வாழ்க்கைக் கதையைத் தானே வாசித்துப் பதிவு செய்திருந்தார்.

முப்பத்தைந்து வருடம் ஆனது. இந்தத் தடவை குரல் அவருடையது.